ஹைலைஃப் ஆர்கெஸ்ட்ராவில் வயலினுக்கு என்ன வேலை?

மூங்கில்காடு:

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு ஆப்பிரிக்க இசையில் எனக்கு ஞானமெல்லாம் கிடையாது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் விடிகாலையில் தூக்கம் பிடிப்பதில்லை. அப்போது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எதையாவது தேடிக் கேட்பேன். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் கானாவின் ஹைலைஃப். ஆறு மாதமாகிறது.

முதலில் கேட்டது குமாசி ட்ரியோ 1928இல் பதிவு செய்த ‘யா அம்போன்சா’. கிடார், குரல், கூடவே ஒரு தட்டு, அவ்வளவுதான். மரத்தடியில் நாலு பேர் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். அடுத்தது ஈ.டி. மென்சாவின் டெம்போஸ் குழு, 1950கள். டிரம்பெட்டும் சாக்ஸும் சேர்ந்து எடுக்கிற எடுப்பில் வரவிருந்த தூக்கமும் ஓடிவிடும். இரண்டையும் ஹைலைஃப் என்கிறார்கள். சரி, ஒன்று கிராமத்து ஹைலைஃப், இன்னொன்று நகரத்து ஹைலைஃப் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

நேற்று பார்த்த ஒரு படத்தில் அந்தக் கணக்கு உதைத்துவிட்டது. கானா பிரிட்டிஷ் ஆட்சியில் ‘கோல்ட் கோஸ்ட்’ ஆக இருந்த காலத்து ஆர்கெஸ்ட்ரா ஒன்றின் புகைப்படம். வரிசையாகக் கறுப்பு சூட்டு, போ டை, கையில் வயலின், கிளாரினெட். உள்ளூர் மேளம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கீழே ‘ஆரம்பகால ஹைலைஃப் ஆர்கெஸ்ட்ரா’ என்று போட்டிருந்தது. வால்ட்ஸ் என்ற ஐரோப்பிய ஜோடி நடனத்துக்கு வாசிக்கிற கூட்டம் மாதிரி இருக்கிறதே, இதில் ஹைலைஃப் எங்கே வந்தது? அந்தப் பெயர்தான் எங்கிருந்து வந்தது? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன்: ஏன் எல்லாப் பாட்டும் மூன்று நிமிடத்தில் டக்கென்று முடிந்துவிடுகிறது? ஆடிக்கொண்டிருக்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

தேமாக்காரன்:

தம்பி, 1993இலிருந்து 2004 வரை நான் தேமாவில் இருந்தேன். கானாவின் தலைநகர் அக்ராவுக்குக் கிழக்கே உள்ள துறைமுக ஊர். கிரேன் பராமரிப்பு வேலை. இசையில் நானும் உன்னை மாதிரிதான், எல்லாம் கேள்வி ஞானம். ஆனால் எனக்கு வாய்த்த வீட்டுக்காரர் அப்படி. இரண்டு வருட வாடகையை முன்பணமாக மொத்தமாக வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார் (அங்கே அதுதான் வழக்கம்). அதற்கு வட்டி கட்டுகிற மாதிரி பதினொரு வருடம் எனக்கு ஹைலைஃப் பாடம் நடத்தினார்.

படத்தைப் பற்றி முதலில். வால்ட்ஸ் வாசிக்கிற கூட்டம் என்றாயே, சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். அவர்கள் வால்ட்ஸ்தான் வாசித்தார்கள். ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப், ராக்டைம், எல்லாமும் வாசித்தார்கள். 1911க்குள் உலகத்திலேயே அதிகமாகக் கோகோ ஏற்றுமதி செய்கிற இடமாக கோல்ட் கோஸ்ட் ஆகிவிட்டது. கடற்கரை ஊர்களில் வக்கீல், வியாபாரி, அரசாங்க குமாஸ்தா என்று காசும் இங்கிலீஷும் உள்ள ஒரு வர்க்கம் தலையெடுத்தது. அவர்களுக்கு நடன விருந்து வேண்டும், விருந்துக்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டும். அக்ராவில் 1914இல் எக்செல்சியர் ஆர்கெஸ்ட்ரா தொடங்கியது. பிறகு ஜாஸ் கிங்ஸ், கேப் கோஸ்ட்டில் சுகர் பேபீஸ், செகோண்டியில் நன்ஷமாங், வின்னிபாவில் ஒன்று என்று ஊருக்கு ஊர் முளைத்தன. (‘சுகர் பேபீஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு மீசை வைத்த ஆண்கள் முறைப்பாக நிற்கிற படத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.)

இனி பெயர். இதைச் சொன்னவர் ஈ.டி. மென்சாவின் அண்ணன் யெபுவா மென்சா. அவரும் இசைக்காரர்தான். 1904இல் அக்ராவில் கட்டிய ரோட்ஜர் கிளப் போன்ற இடங்களில்தான் அந்த விருந்துகள் நடக்கும். உள்ளே போக ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். பவுண்டுக்கு இருபது ஷில்லிங் என்றால் கணக்குப் பார்த்துக்கொள், ஒரு ராத்திரிக்கு மூன்றில் ஒரு பவுண்டுக்கும் மேலே. காசு இருந்தால் மட்டும் போதாது. முழு மாலை உடை போட்டிருக்க வேண்டும், முடிந்தவர்கள் உயரத் தொப்பியும் வைத்துக்கொள்வார்கள். இதெல்லாம் கட்டுப்படியாகாத ஜனம் கிளப்புக்கு வெளியே கூடி நின்று வேடிக்கை பார்க்கும், கேட்கும். உள்ளே நடப்பதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் ‘ஹை லைஃப்’, பெரிய இடத்து வாழ்க்கை. 1920களின் தொடக்கத்தில் நடந்தது இது. பெயர் வைத்தது ஆடினவனும் இல்லை, வாசித்தவனும் இல்லை. வெளியே நின்றவன்.

ஆனால் வெளியே நின்றவன் வால்ட்ஸ் கேட்கவா நின்றான்? நடு நடுவே அந்த ஆர்கெஸ்ட்ராக்கள் உள்ளூர் மெட்டுகளை எடுத்து வாசிக்கும். தெருவில், கள்ளுக்கடையில், மீன் பிடிக்கிற இடத்தில் பாடுகிற பாட்டு உள்ளேயிருந்து வயலினிலும் கிளாரினெட்டிலும் வந்தால் எப்படி இருந்திருக்கும்? அந்த உருப்படிகளுக்குத்தான் ஹைலைஃப் என்ற பெயர் நிலைத்தது. உன் படத்தில் வயலினுக்கு என்ன வேலை என்றால் இதுதான் வேலை.

என் வீட்டுக்காரரின் அப்பா அக்ராவில் தையல்காரராக இருந்தவர். உள்ளே போகிற கனவான்களின் கோட்டுகளுக்குப் பகலில் கரிப் பெட்டியால் இஸ்திரி போட்டுக் கொடுப்பாராம். ராத்திரி தானும் வெளியே போய் நிற்பாராம். ‘பாட்டு கேட்கவா?’ என்று கேட்டேன். ‘அதுவும் உண்டு. தான் இஸ்திரி போட்ட மடிப்பு நிற்கிறதா என்று பார்க்கத்தான் முக்கியமாகப் போவார்’ என்றார்.

ஊசிமுனை:

மூன்று நிமிடக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். அது குழுவின் விருப்பம் இல்லை, தட்டின் கொள்ளளவு. அவையெல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற, ஷெல்லாக் என்ற அரக்கில் செய்த இசைத்தட்டுகள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், இழுத்துப் பிடித்தால் இன்னும் கொஞ்சம். நடன மேடையில் அதே பாட்டைக் கூட்டம் களைக்கும்வரை நீட்டியிருப்பார்கள். நாம் கேட்பது சாம்பிள்தான்.

டெக்கா கம்பெனி மேற்கு ஆப்பிரிக்காவுக்கென்றே தனி எண் வரிசையில் தட்டு போட்டது. டபிள்யூ, ஏ என்று எழுத்துகளில் தொடங்கும். டெம்போஸ் 1952 முதல் அதில் பதிவு செய்தார்கள். அப்படி ஒரு தட்டு வேண்டும் என்று இரண்டு வருடம் அலைந்து, கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைத்தேன். பெட்டியைத் தூக்கினதுமே உள்ளே கலகலவென்று சத்தம். ஷெல்லாக் என்பது கண்ணாடி வளையல் மாதிரி, விழுந்தால் விழுந்ததுதான். ஐந்து துண்டு. நடுவிலிருந்த நீல லேபிள் மட்டும் முழுசாக இருந்தது, அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

யாராவது முழுத் தட்டு கிடைத்துக் கேட்பதாக இருந்தால் ஒன்று மட்டும்: பின்னால் வந்த எல்.பி. தட்டுகளுக்கான ஊசியைப் போடாதீர்கள். 78இன் பள்ளம் அகலம். அதற்கு ஏறக்குறைய மூன்று மடங்கு பருமனான ஊசி வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் போய் அழுக்கைத்தான் வாசிக்கும், பாட்டை வாசிக்காது. 1986இல் ரெட்ரோஆஃப்ரிக் என்ற நிறுவனம் மென்சாவின் பழைய பதிவுகளைத் தொகுத்து மறுவெளியீடு செய்தது. மூங்கில்காடு கேட்பது அதிலிருந்து வந்த ஒலியாக இருக்கலாம்.

எதிர்க்கட்சி:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? வெள்ளைக்காரன் மாதிரி உடுத்தி, வெள்ளைக்காரன் வாத்தியத்தில், வெள்ளைக்காரன் நடனத்துக்கு வாசித்தார்கள். நடுவே இரண்டு தெருப்பாட்டு சேர்த்தால் ஆப்பிரிக்க இசையாகிவிடுமா? காப்பி காப்பிதான்.

தேமாக்காரன்:

எதிர்க்கட்சி சார், பெயருக்கு ஏற்ற மாதிரி வந்துவிட்டீர்கள். பாதி வரைக்கும் உங்கள் பேச்சு சரி.

பித்தளை வாத்தியங்கள் கடற்கரைக் கோட்டைகளுக்கு ராணுவ பேண்டோடு வந்தவைதான். கேப் கோஸ்ட்டிலும் எல்மினாவிலும் உள்ளூர்ப் பையன்கள் மார்ச் வாசிக்கக் கற்றார்கள். லெஃப்ட், ரைட், லெஃப்ட். அதுவரை உங்கள் கட்சி. ஆனால் 1873இல் ஆஷாந்தி போர் மூண்டபோது பிரிட்டன் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கறுப்பினப் படையினரைக் கொண்டுவந்து இறக்கியது. அவர்கள் சீருடையில் மார்ச் வாசித்தார்கள். சீருடையைக் கழற்றியதும் அதே குழலில் தங்கள் ஊர்ப் பாட்டை, உடம்பை ஆட்டுகிற கரீபிய நடையில் வாசித்தார்கள். கேப் கோஸ்ட்டுக்காரன் கேட்டான். ஓஹோ, இதில் இப்படியும் வாசிக்கலாமா! 1880களில் அவர்கள் உருவாக்கிய பேண்டு இசைக்கு ‘அடாஹா’ என்று பெயர். யோசித்துப் பாருங்கள். கப்பலில் அடிமைகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் படையாளாகத் திரும்பி வந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதில் வெள்ளைக்காரன் கொடுத்தது குழலை மட்டும்தான். குழல் வாங்க வழியில்லாத ஊர்களும் சும்மா இருக்கவில்லை. 1930களில் குரலையும் மேளத்தையும் மட்டும் வைத்து, பேண்டு மாதிரியே அணிவகுத்து ஆடினார்கள். அது ‘கொன்கோமா’.

அக்ரா விஷயத்துக்கு வருகிறேன். ஜேம்ஸ் டவுனில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், லாம்ப்டி. ஊரே ‘டீச்சர் லாம்ப்டி’ என்றுதான் சொல்லும். பள்ளியில் புல்லாங்குழல், டிரம் வைத்து ஒரு பையன்கள் பேண்டு நடத்தினார். அதிலிருந்து 1930களில் அக்ரா ஆர்கெஸ்ட்ரா வளர்ந்தது. 1919இல் பிறந்த ஈ.டி. மென்சா அங்கே குழல் ஊதித் தொடங்கிய பையன். பிறகு அண்ணன் யெபுவாவோடு சேர்ந்து அக்ரா ரிதமிக் ஆர்கெஸ்ட்ரா. படித்தது என்னவோ மருந்தாளுநர் படிப்பு. அந்த வேலையும் பார்த்தார், டிரம்பெட்டும் சாக்ஸும் ஊதினார்.

பெரிய ஆர்கெஸ்ட்ராக்களை முடித்துவைத்தது இரண்டாம் உலகப் போர். டகோராடி துறைமுகத்தில் விமானங்களைப் பெட்டி பெட்டியாக இறக்கி, அங்கேயே பூட்டி, ஆப்பிரிக்காவைக் குறுக்கே தாண்டி எகிப்துக்கு அனுப்பினார்கள். அக்ராவில் பிரிட்டிஷ்காரர்கள், அமெரிக்கர்கள் என்று சிப்பாய்க் கூட்டம். அவர்களுக்கு வால்ட்ஸ் எதற்கு? பீரும் ஸ்விங் என்ற ஜாஸ் ஆட்ட இசையும் வேண்டும். சின்ன மேடையில் பத்துப் பேருக்குள் வாசிக்கிற குழுக்கள் கிளம்பின. டெம்போஸும் அப்படி வந்ததுதான். தொடக்கத்தில் அதில் வெள்ளைக்காரர்களும் வாசித்தார்கள். போர் முடிந்து அவர்கள் ஊர் திரும்பிய பிறகு முழுக்க உள்ளூர்க் குழுவாகி, 1940களின் கடைசியில் மென்சா கைக்கு வந்தது.

இங்கேதான் வயலின் போச்சு தம்பி. நீ கேட்கிற டெம்போஸில் வயலின் இல்லை, டிரம்பெட், சாக்ஸ், கிடார், டபுள் பாஸ். கூடவே ‘கோங்கா’, ‘போங்கோ’ என்ற கை மேளங்கள், ‘மராக்காஸ்’ என்ற கிலுகிலுப்பை. டிரம்ஸ்காரர் கய் வாரன் லண்டன் போய் கென்னி கிரஹாமின் ஆஃப்ரோ-கியூபன் குழுவில் வாசித்துவிட்டு வந்தவர். அங்கே பிடித்த தாளங்களைக் கையோடு கொண்டுவந்தார். (பின்னால் கோஃபி கானபா என்று பெயரை மாற்றிக்கொண்டார்.) மறுபடியும் பாருங்கள், அட்லாண்டிக்கைத் தாண்டிப் போன மேளம் லண்டன் வழியாக வீடு திரும்புகிறது.

1950இல் டெம்போஸ் நைஜீரியா போனார்கள். அதுவரை லாகோஸ் குழுக்கள் ஸ்விங்கும் பால்ரூமும்தான் அதிகம் வாசித்தன. இவர்கள் போய் வந்த பிறகு அங்கேயும் ஹைலைஃப் பிடித்துக்கொண்டது. பாபி பென்சன், விக்டர் ஒலாயா என்று பெரிய பெயர்கள் எழுந்தன. ஒலாயாவின் குழுவில் வாசித்துப் பழகிய பையன் ஒருவன்தான் பிற்காலத்தில் ஆஃப்ரோபீட் இசையால் பேர் வாங்கிய ஃபெலா குட்டி. 1956 மே மாதம் அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கே அக்ராவுக்கு வந்து, பாரமவுண்ட் கிளப்பில் மென்சாவோடு சேர்ந்து வாசித்தார். காப்பியைப் பார்க்க அசல்காரன் கப்பல், விமானம் ஏறி வருவானா சார்?

இதையெல்லாம் விடுங்கள். எனக்கு நம்பிக்கை வந்தது சாவு வீட்டில். அங்கே சனிக்கிழமைதான் துக்கக் காரியம். கறுப்பும் சிவப்புமாகத் துணி உடுத்தி, பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் யார்டு ஃபோர்மேனின் அம்மா இறந்தபோது போயிருந்தேன். பேண்டுக்காரர்கள் தேவாலயப் பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எந்த இடத்தில் மாறியது என்று தெரியவில்லை, டிரம்பெட் ஹைலைஃபுக்குள் வழுக்கிவிட்டது. எழுபது தாண்டிய கிழவிகள் எழுந்தார்கள். முழங்காலை லேசாக மடித்து, வெள்ளைக் கைக்குட்டையை விசிறிக்கொண்டு, அழுதுகொண்டே ஆடினார்கள். இரவல் வாங்கின பாட்டுக்கு யாரும் அப்படி எழுந்திருக்க மாட்டார்கள்.

எதிர்க்கட்சி:

சாவு வீட்டுக்குக் கூட்டிப்போய் வாயை அடைத்துவிட்டீர்கள். கோட்டு சூட்டு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. வெயிலில் பாவம்.

நெடுந்தீவு:

தேமாக்கார அண்ணை போரைப் பற்றி எழுதியதால் ஒரு சின்னச் சேர்க்கை. சிப்பாய்கள் அக்ராவுக்கு வந்தது மட்டுமில்லை, அங்கிருந்தும் போனார்கள். 81, 82ஆம் மேற்கு ஆப்பிரிக்க டிவிஷன்கள் எங்கள் பக்கத்துக் கடலைத் தாண்டி வந்து பர்மாக் காட்டில் ஜப்பான்காரருடன் சண்டை பிடித்தவை. கானா ராணுவத் தலைமையகம் இருக்கிற இடத்துக்கு இன்றைக்கும் ‘பர்மா கேம்ப்’ என்றுதான் பெயர். திரும்பி வந்த சிப்பாய்கள் தொடங்கிய நாடகக் குழு ஒன்றின் பெயர் பர்மா ஜோக்கர்ஸ். 1948 பெப்ரவரி 28 அன்று ஓய்வூதியம் கேட்டு ஊர்வலம் போன முன்னாள் சிப்பாய்களைச் சுட்டு, மூன்று பேர் செத்ததும் அக்ராவில்தான். அதற்குப் பிறகு சுதந்திரக் கதையே வேறு வேகம். 1957இல் சுதந்திரத்துக்கும் மென்சா ஒரு ஹைலைஃப் பாடினார்.

நான் லண்டனில் இருக்கிறேன். குமாசி ட்ரியோவை 1928இல் பதிவு செய்தது இந்த ஊரில் என்று அறிந்த நாளிலிருந்து, குளிருக்குள் அந்தப் பெடியள் எப்படி விரல் விறைக்காமல் கிடார் வாசித்தார்கள் என்று யோசிப்பேன்.

மூங்கில்காடு:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, தையல்காரர் கதையை வீட்டில் சொன்னேன், அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி பாக்கி. வயலின் ஆர்கெஸ்ட்ரா, கிடார், டெம்போஸ் மூன்றையும் கட்டுகிற கயிறு எது? காதில் எதைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும்?

தேமாக்காரன்:

மெட்டைப் பிடிக்காதே, தட்டைப் பிடி. பின்னால் இரண்டு குச்சியோ மணியோ ஒரே மாதிரி தட்டிக்கொண்டே இருக்கும். எல்லாப் பாட்டிலும் அச்சு அசலாக ஒன்றே இருக்காது, ஆனால் அடிக்கடி வருகிற ஒன்றை வீட்டுக்காரர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், பீர் பாட்டிலும் வீட்டுச் சாவியும் வைத்து. கள்ளுக்கடை கிடார்க்காரர்கள் பக்கத்தில் தட்டுவதற்கு அதுதான் வாத்தியம்.

அவர் தட்டினார், எனக்குப் பிடிபடவில்லை. தொடையில் ஆதி தாளம் போட்டுப் பார்த்தேன். அடி, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அடி, வீச்சு, அடி, வீச்சு. போட்டதும் சாவி விழுகிற இடமெல்லாம் தெரிந்துவிட்டது. முதல் அடியில் ஒன்று. சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் சரியாக நடுவே ஒன்று. நடு விரலில் ஒன்று. இது மூன்று. அப்புறம் ஐந்தாவது எண்ணிக்கை அடியில் ஒன்றும் இல்லை, காலி. முதல் வீச்சில் ஒன்று, கடைசி அடியில் ஒன்று. கடைசி வீச்சும் காலி. மொத்தம் ஐந்து தட்டு. என் தொடையைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு! ‘விரலை வைத்து யாரிடம் கடன் கணக்குப் பார்க்கிறாய்?’ என்றார்.

இதைப் போட்டுக்கொண்டு டெம்போஸைக் கேள். பிறகு ‘யா அம்போன்சா’வைக் கேள்.

மூங்கில்காடு:

விடிகாலை நாலரைக்குப் போட்டுப் பார்த்தேன் ஐயா. முதல் மூன்றும் வந்துவிட்டது. கடைசி வீச்சில் கை தானாகச் சாவியைத் தட்டிவிடுகிறது. பத்துத் தடவை முயன்றேன், பத்துத் தடவையும் தட்டினேன். மேல் மாடிக்காரர் வேறு எழுந்துவிட்டார்.

தேமாக்காரன்:

எனக்கு அது நிற்க நாலு மாதம் ஆனது. சாவியை வைத்துவிட்டு வெறும் விரலால் போடு, மேல் மாடிக்காரர் தூங்கட்டும்.